மாதந்தோறும் இருபதாந் திகதி

குளங் கட்டிய மன்னனின் பெயரைக் கல்வெட்டுச் சொல்லும். மாரிதோறும் அணைக்கட்டிலே நின்று உடைப்புக்களைத் தேடியடைத்த குடியானவரின் பெயரை எக்கல்வெட்டும் சொல்லாது. கணினியுலகிலும் இவ்வழக்கமே நிலவுகின்றது. ஆதலின், இவ்வாரம் புதுமை எதனையும் விட்டு, ஒரு காவற்பணியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

வெப்அசெம்பிளி என்னும் சொல்லை மாணவ நேயர்கள் கேள்வியுற்றிருப்பர். எவ்வகைக் கணினியிலும் ஓடத்தக்கதாக, நிரல்களை ஒரே பொதுவடிவில் எழுதிவைக்கும் முறை அது. 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2017 இல் பயர்பொக்ஸ், குறோம், சபாரி, எட்ஜ் ஆகிய நான்கு உலாவிகளும் அதனை ஏற்றுக்கொண்டன. 2019 டிசெம்பர் 5 ஆந் திகதி டபிள்யூ3சி அமைப்பு அதற்குத் தரநிலை வழங்கியது. இப்பொதுவடிவிலுள்ள நிரலை அந்தந்தக் கணினியின் சொந்தக் கட்டளைகளாக மாற்றி ஓட்டிவைக்க வேறொரு நிரல் வேண்டும். தொழில் செய்வோர் அதனை 'ரன்ரைம்' என்பர். உலாவிக்குள்ளே அஃது உள்ளடங்கியிருக்கும். உலாவிக்கு வெளியே, பெருஞ் சேவைக் கணினிகளில், அப்பணியைச் செய்வனவற்றுள் ஒன்று வாஸ்ம்ரைம்.

இதன் வரலாறு ஏற்றத்தாழ்வுகள் கொண்டது. 2019 நவம்பரில் மொசில்லா, பாஸ்ற்லி, இன்ரெல், ரெட் ஹற் ஆகிய நான்கும் கூடிப் பைற்கோட் அலையன்ஸ் என்னுங் கூட்டமைப்பை நிறுவின. மறு ஆண்டு ஆகஸ்டில் மொசில்லா ஏறக்குறைய 250 பேரை வேலையினின்றும் நீக்கியபோது, இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தோரும் அதிற் சிக்கினர். அவருட் பலரைப் பாஸ்ற்லி அவ்வாண்டிலேயே சேர்த்துக்கொண்டது. அந்நிறுவனத்திடம் லூசெற் என்னும் தனது சொந்த ரன்ரைம் ஒன்று இருந்தது. இரண்டையும் போட்டியாக வளர்க்காது, லூசெற்றின் நற்கூறுகளை வாஸ்ம்ரைமிற் சேர்த்து, லூசெற்றை ஓய்வுபெறச் செய்தனர். தாம் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பது எவருக்கும் எளிதன்று. பொறியியலாளருக்கு அதனினும் அரிது என்பது நமது எண்ணம்.

2022 செப்டெம்பர் 20 ஆந் திகதி முதலாம் பதிப்பு வெளிவந்தது. மாதந்தோறும் இருபதாந் திகதி புதிய பதிப்பொன்றை வெளியிடுவதென விதித்துக்கொண்டனர். ஐந்தாந் திகதியன்றே பதிப்பின் கிளையைப் பிரித்துவிடுவர். இடைப்பட்ட பதினைந்து நாட்களும் சோதனைக்குரியன. கணினிகள் தாமாகவே தாறுமாறான நிரல்களைப் பிறப்பித்து அதற்கு ஊட்டிக்கொண்டேயிருக்கும். கூகிள் 2016 இல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் சேவையின் மூலம் இரவும் பகலும் இது நடைபெறுகின்றது. ஒரே நிரலை வேறொரு ரன்ரைமிலும் ஓட்டி, இரண்டின் விடைகளும் ஒன்றாவென ஒப்பிடுவதும் உண்டு.

இத்தனை எச்சரிக்கை எதற்கு என வினவலாம். ஒரே கணினியில், ஒருவரையொருவர் அறியாத பலரின் நிரல்கள் அடுத்தடுத்த அறைகளிற் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 4 கிகாபைற் வரை நினைவிடம் உண்டு. 2023 இல் அதனை அடுத்து 2 கிகாபைற் வெற்றுநிலம் வேலியாக விடப்பட்டிருந்தது. எல்லை மீறி அவ்வேலியிற் கால்வைத்த நிரல் அக்கணமே நிறுத்தப்படும். ஒவ்வோர் அடியிலும் எல்லையைச் சோதித்து நேரத்தை வீணாக்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. மிக்க நயமானது, ஆனால் கணக்குப் பிசகாதிருக்கும்வரையிலேயே பாதுகாப்பானது.

2023 மார்ச் 8 ஆந் திகதி, அக்கணக்குப் பிசகியிருந்தது வெளியாயிற்று. வாஸ்ம்ரைமின் பகுதியான கிறேன்லிவ்ற் என்னும் மொழிமாற்றி, வேகத்தின் பொருட்டு, ஓர் எண்ணை இரண்டாலோ நான்காலோ எட்டாலோ பெருக்குவதை முகவரிக் கணக்கினுள்ளேயே அடக்கிவிடும். வெப்அசெம்பிளியின் விதிப்படி அப்பெருக்கத்தின் விடை 32 இருமவிலக்கங்களுக்குள் வெட்டப்படல் வேண்டும். எக்ஸ்86 வகைச் செயலியோ 64 இலக்கங்களிற் கணக்கிட்டு, வெட்டாது விட்டுவிடும். அதன் பயனாக 33 இலக்கங்களுக்குள் அடங்கவேண்டிய முகவரி 35 ஆக விரிந்தது. தொடக்கத்திலிருந்து 6 முதல் 34 கிகாபைற் வரையான தூரத்தை, வேலியைத் தாண்டி, ஒரு நிரல் தொடக்கூடியதாயிற்று. அங்கே அயலாரின் நினைவிடம் இருக்கக்கூடும். அதனைப் படிக்கலாம், அதன்மேல் எழுதவும் செய்யலாம். வழுக்களின் கடுமையை அளக்கும் பத்துப்புள்ளி அளவுகோலில் இதற்குக் கிடைத்தது 9.9.

வாஸ்ம்ரைம் எழுதப்பட்ட றஸ்ட் மொழி, நினைவிடத் தவறுகளைத் தடுப்பதிற் பெயர்பெற்றது. ஆயினும் அது காப்பது தன்னில் எழுதப்பட்ட நிரலையே. அந்நிரல் பிறப்பிக்கும் இயந்திரக் கட்டளைகளுக்கு மொழி பிணை நிற்பதில்லை. இரவுபகற் சோதனையும் பல மாதங்களாக இதனைக் காணவில்லை.

அன்றே 4.0.1, 5.0.1, 6.0.1 என மூன்று பதிப்புக்கள் ஒருங்கே வெளியாகின. உடனே மாறவியலாதோர்க்கு, வேலியை மேலும் அகலமாக்கவோ, அல்லது வேகத்தை இழந்தேனும் எல்லைச் சோதனையை ஒவ்வொரு முறையுஞ் செய்விக்கவோ வழிகூறப்பட்டது. வழுவை மறையாது, அதன் எண்கணக்கையும் விளக்கி வெளியிட்ட பண்பை நாம் பாராட்டுகின்றோம். பின்னர், மொழிமாற்ற விதிகள் சரியானவையா என்பதைக் கணித முறையால் நிறுவிப் பார்க்கும் ஆராய்ச்சியும் நடைபெற்றது. 2024 இல் வெளிவந்த அவ்வாய்வின் கருவி, இதே வழுவை மீண்டும் பிடித்துக் காட்டியது. எவரும் அறியாதிருந்த வேறு சிலவற்றையுங் கண்டது.

மாதமொரு பதிப்பென்பது ஆக்குவோர்க்கு உவப்பானதே. அதனைப் பாவிக்கும் நிறுவனங்களுக்கோ பெருந் தொல்லை. சாதாரணப் பதிப்பொன்றுக்கு இரண்டு மாதங்கள் வரையே திருத்தங் கிடைக்கும். இக்குறையை நீக்கும்பொருட்டுப் பன்னிரண்டுக்கொரு பதிப்பை 24 மாதங்கள் பேணுவதெனத் தீர்மானித்தனர். 2025 ஆகஸ்டில் வெளியான 36 ஆம் பதிப்பு அவ்வகையினது. 2027 ஆகஸ்ட் வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும். மூல நிரல் முழுவதும் யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றது. உயர்தர வகுப்பிற் கணினி கற்போர், இருமவெண்களின் இடப்பெயர்ச்சியைப் படிக்கும் வேளையில், அந்த மார்ச் மாதத் திருத்தத்தைத் தேடியெடுத்துப் பார்ப்பாராக.