கரணம் எவர்க்கு? பழி எவர்க்கு?

பெற்றோர் மணம் முடித்தனரா என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் குமுகாயம் அறம் பிறழ்ந்த குமுகாயமாகும். தாய் தந்தையரைத் தேர்ந்து பிறந்த மகவு இவ்வுலகில் ஒன்றேனும் உண்டா? ஆயினும், தந்தை கண்மூடிய பின்னர், வாரிசுச் சான்று என்று பிறமொழிச் சொல்லால் ஊரார் வழங்கும் மரபுரிமையர் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்கும் பிள்ளைமேல்தான் அவ்வினா வந்து விழுகின்றது. வினாவுக்கு விடை கூறவேண்டிய இருவருள் ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார்; மற்றவர் கண்ணீரில் இருக்கிறார்.

சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்க. தலைச்சோலை, ஏற்காடு முதலிய ஊர்களைத் தாங்கி நிற்கும் அம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப் பெறுவர். பெயரால் மயங்கி அவரைக் கேரளத்தார் என்று எண்ணற்க. மலைவாழ்நர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சியினின்று மலையேறியவர் தம் முன்னோர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. பட்டியல் பழங்குடியினராகிய அவர்க்கு, 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், நடுவணரசு தனியே அறிவித்தாலன்றிப் பொருந்தாது என்று அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவே கூறுகின்றது. எனவே, அவர்தம் குல வழக்கே அவர்க்குச் சட்டம். ஊர்ப் பெரியவர் முன்னிலையில் கூடிய உறவே அவர்க்குத் திருமணம்.

ஆனால், அவ்வழக்கை மெய்ப்பிக்க வேண்டிய சுமை எவர் தலைமேல்? முப்பதாண்டு ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, குளம்பித் தோட்டத்தில் ஒருங்கே உழைத்து, மக்களைப் பெற்று வளர்த்த இருவரை எண்ணிப் பார்க்க. அவரை இணைத்துவைத்த பெரியவர்கள் மறைந்துவிட்டனர். ஏடும் இல்லை, படமும் இல்லை. ஊரறிந்த மணத்தைத் தாளறியவில்லை என்பதற்காக அதனை மணமே அன்று எனல் எவ்வகை நயன்மை?

தமிழன் கண்ட திருமணத்திற்குத் தீயும் வேண்டியதில்லை, வடமொழியும் வேண்டியதில்லை. அகநானூற்றின் 86-ஆம், 136-ஆம் பாடல்கள் இரண்டு திருமணங்களைக் கண்முன் நிறுத்துகின்றன. அவற்றில் புதுமணல் உண்டு, விளக்கு உண்டு, உறவினர்க்குச் சோறு உண்டு, மணமகளை வாழ்த்தி நீராட்டும் மகளிர் உண்டு. வேள்வித்தீ இல்லை, ஓதுவிக்கும் ஆரியன் இல்லை. அவற்றினும் முந்தைய தொல்காப்பியமோ கரணம் பிறந்த கதையையே கூறிவிடுகின்றது. காதலித்தவளைக் கைவிட்டுப் பொய் புகன்றோர் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. நன்கு நோக்குக! கரணம் பெண்ணைக் காக்கப் பிறந்தது. பிள்ளையைப் பழிக்கப் பிறந்ததன்று.

அவ்வேலியை ஆரியம் விலங்காக்கியது. ஆங்கிலேயராட்சியில் வடமொழி நூல்களே இந்துச் சட்டம் எனும் பெயரால் தமிழன் தலையில் ஏறின. 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் தன்மதிப்புத் திருமணத்தைத் தொடங்கிவைத்தார். ஆனால் 1934-இல் நடந்த அத்தகைய திருமணம் ஒன்று, தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், 1953-இல் சென்னை உயர்நயன்மன்றத்தால் செல்லாது எனப்பட்டது. ஏன்? தீ வளர்க்கவில்லை, ஏழடி வைக்கவில்லை, அவை வேண்டா எனுமளவிற்குத் தொன்மையான வழக்கமும் காட்டப்படவில்லை! ஒரே தீர்ப்பால் ஆயிரமாயிரம் மனைவியர் மனைவியர் அல்லர் என்னும் நிலையும், அவர்தம் மக்கள் முறையற்ற மக்கள் என்னும் நிலையும் எழுந்தன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்மணம் மன்றத்தார் கண்ணில் படவேயில்லை.

அவ்விழிவைத் துடைத்தது 1967-இல் பேரறிஞர் அண்ணாவின் அரசு இயற்றிய 7அ பிரிவு. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், இருவர்க்கும் விளங்கும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாக உறுதி கூறினும், மாலை மாற்றினும், கணையாழி அணிவிப்பினும், தாலி கட்டினும் திருமணம் செல்லும். முன்னர் நடந்தனவும் செல்லும். அதற்கு ஊர்கூட்டி விழா எடுக்கவேண்டியதில்லை என்பதை உச்சநயன்மன்றமும் 2023 ஆகத்தில் உறுதி செய்துள்ளது.

எனினும் இன்னும் ஒரு கொடுமை எஞ்சியுள்ளது. செல்லாத் திருமணத்தில் பிறந்த மகவுக்கு, இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு முறைமை வழங்குகின்றது. பெற்றோர்க்கு மூதாதையர் சொத்தில் உரிய பங்கிலும் அம்மகவுக்கு உரிமை உண்டு என 2023 செபுதம்பரில் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், கரணமே நிகழாத பெற்றோரின் மகவு 16-ஆம் பிரிவுக்குள் அடங்காது! 1956-ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைச் சட்டப்படி அது தாய்க்கே உறவு. தந்தையின் உடைமைக்கு அயல். மனைவி இருக்க மற்றொருத்தியை மணந்தவன் பிள்ளைக்கு உரிமை. ஒருத்தியோடு மட்டுமே உண்மையாய் வாழ்ந்து சடங்கை மறந்தவன் பிள்ளைக்கு உரிமை இல்லை. இதுவோ முறை?

இவ்விருளில் ஒரு சிறு விளக்கு உண்டு. நெடுங்காலம் ஓரில்லத்தில் வாழ்ந்த ஆணும் பெண்ணும் கணவன் மனைவியரே எனக் கொள்ளப்படுவர். அன்று என்பவனே அதனை மெய்ப்பிக்க வேண்டும். 1992-இல் தீர்ப்பேடுகளில் வெளிவந்த பாலசுப்பிரமணியம் எதிர் சுருட்டையன் வழக்கில் உச்சநயன்மன்றம் இதனை வலியுறுத்தியது. ஆயினும், அவ்விளக்கை ஏந்த ஏழைக்குப் பல்லாண்டு வழக்காடும் பொருள் வேண்டுமே!

ஆதலின் தமிழர் செய்யத்தக்கன மூன்று. ஒன்று: பெற்றோர் மணந்தனராயினும் அலராயினும், மகவுக்கு இருவர் உடைமையிலும் ஒத்த உரிமை எனச் சட்டம் திருத்தக் குரலெழுப்புக. இரண்டு: மலைமக்களின் மணவழக்கை அரசே ஊர்தோறும் எழுதிப் பதிந்து, மெய்ப்பிக்கும் சுமையை அவர் தோளினின்று இறக்குக. மூன்று: சடங்கு வேண்டா என்னும் கொள்கையைப் பெண்ணைக் கைவிடும் வாயிலாக எவனும் ஆக்கற்க. வடமொழிச் சடங்கை மறுப்பவன் ஆண்மகன். உறுதிமொழியையே மறுப்பவன் தொல்காப்பியர் காலத்திலேயே அடையாளம் காணப்பட்ட பொய்யன். தமிழில் உறுதி கூறுக. இருவர் முன்னிலையில் கூறுக. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அதனைப் பதிவும் செய்க. பதிவேடு ஆரியச் சடங்கன்று. நாளை தன் பிள்ளை வாயிலில் நின்று தலைகுனியாதிருக்கத் தந்தை இன்று எழுதிவைக்கும் ஒருவரி உறுதி.

பழி என ஒன்று உண்டாயின், அது பிள்ளையின் பிறப்பில் இல்லை. வாக்குத் தவறியவன் நாவிலும், வாய்மையான வாழ்வைக் காணாத சட்டத்தின் கண்ணிலுமே உள்ளது!