கடப்பாவுக்குச் சாம்பார் உறவில்லை

கும்பகோணம் கடப்பாவைச் சாம்பாரின் தம்பி என்று ஒரு சமையல் குறிப்பில் படித்தேன், மனம் ஒப்பவில்லை. புளி கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது, பிறகென்ன உறவு? பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை அரைகுறையாக மசித்துப் போட்டு, தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, சோம்பு, கொஞ்சம் கசகசா அரைத்து ஊற்றுவது அது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஹோட்டல்களில் இட்லிமேல் அதை ஊற்றும்போதே பட்டை, கிராம்பு வாசம் வந்துவிடும். நாக்கில் தங்குவது தேங்காய்தான். அந்த வெளிர் நிறத்தை நம்பாமல் வீட்டில் மிளகாய்த்தூள் சேர்க்கிறார்கள். சேர்த்தால் அது குருமா, அவ்வளவுதான். பொட்டுக்கடலை ஆற ஆற இறுகும் என்பதால் இறக்கும்போது நீர்க்கவே இருக்கட்டும். எலுமிச்சை பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. இந்த மாதிரி நுணுக்கங்களை இன்றைய குறிப்புகள் சொல்வதே இல்லை. 1951இல் ‘சமைத்துப் பார்’ எழுதிய எஸ். மீனாட்சி அம்மாளுக்கு, அடுப்படிக்குப் புதிதாக வருகிறவள் எங்கே தடுமாறுவாள் என்று தெரிந்திருந்தது. இன்றைய குறிப்புகளில் அந்த அக்கறை இல்லாததால்தான், வெளியூர் ஹோட்டலில் ஒரு பதார்த்தம் பிடித்துப்போனால் அதைச் சமைக்கிற சரக்கு மாஸ்டரிடமே கேட்டுவிடுகிறேன். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொல்வார்கள்.