மறந்துபோன வித்தைக்கு ஒரு காரணம்

போன வெள்ளி வேலை முடிந்து வீட்டுக்கு வரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. மூத்தவன் இன்னும் படுக்கவில்லை. குசினி மேசை முழுக்கக் கொப்பி, பென்சில், இருபது முகமுள்ள தாயக்கட்டை எல்லாம் பரப்பி வைத்திருந்தான். நான் சப்பாத்தைக் கழற்ற முதலே கேள்வி வந்தது.

"அப்பா, ஒராளுக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் தெரியாமல் போறதுக்கு என்ன காரணம் சொல்லலாம்?"

என்னைத்தான் குத்திக் காட்டுகிறானோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது, விளையாட்டு விசயம்.

டெனிஷ்காரர் இதை ரோலஸ்பில் என்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றியிருந்து கதையாகவே விளையாடுவது. ஒருவர் கதை நடத்துவார். எங்கள் வீட்டில் அது என்ரை மகன். நானும் முதலில் விசர் விளையாட்டு என்றுதான் ஏசினேன். ஆனால் இந்த நாட்டில் இதைச் சின்ன விசயமாக எடுப்பதில்லை. ஹோப்ரோவில் 2006 முதல் ஒரு விடுதிப் பள்ளிக்கூடமே ரோலஸ்பில்லை வைத்துப் படிப்பிக்கிறது.

இவனுடைய சிக்கல் இதுதான். ஒரு கூட்டாளி ஒரு வருசம் வேறு ஊரில் விடுதியில் படித்துவிட்டுச் சில்க்போர்க்குக்குத் திரும்பி வந்திருக்கிறான். அவனுடைய வாள்வீரன் ஒன்பதாம் படியில் நிற்கிறான். புதுக்கதை மூன்றாம் படியில் தொடங்குகிறது. அந்தப் பெடியன் பழைய வீரனை விடமாட்டேன் என்று அடம். அப்போ அந்த ஆறு படியும் எங்கே போனது? கதைக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும்.

"தலையிலை அடிபட்டு மறந்துபோச்செண்டு சொல்லன்" என்றேன். மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எங்கடை சினிமாக்காரர் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்த காரணம் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு வந்த காலத்திலேயே இந்தப் பிரச்சினைக்கு ஒரு விதி இருந்ததாம். இரத்தக்காட்டேரி தொட்டால் படி இறங்கிவிடும். மாதக்கணக்கில் ஏறியதை ஒரு தாயக்கட்டை உருட்டலில் பறிகொடுப்பது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அப்படி ஒரு காட்டேரி இல்லை. கொம்பியூட்டர் விளையாட்டுக்காரருக்கும் இதே தலையிடிதான். இரண்டாம் பாகம் வெளியிடும்போது முதல் பாகத்து வீரனை எப்படியாவது வெறுங்கையனாக்க வேண்டும். 2007இல் வந்த 'த விட்சர்' விளையாட்டில் வீரனுக்கு ஞாபகமறதி. அதே வருசம் 'கோட் ஒஃப் வோர்' இரண்டாம் பாகத்தில் ஒரு வாளுக்குள் சக்தியை எல்லாம் ஊற்ற வைத்து ஏமாற்றுகிறார்கள். கோடிக்கணக்கில் காசு கொட்டுகிறவர்கள், காரணத்துக்கு மட்டும் கஞ்சத்தனம்.

எனக்குக் கர்ணன் நினைவுக்கு வந்தான். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

பரசுராமர் சத்திரியருக்கு வித்தை பழக்கமாட்டார். கர்ணன், தான் பிராமணன் என்று பொய் சொல்லிச் சேருகிறான். ஒருநாள் குரு அவன் மடியில் தலைவைத்து நித்திரை. ஒரு வண்டு தொடையைத் துளைக்கிறது. குருவின் நித்திரை குழம்பக்கூடாது என்று அசையாமல் இருக்கிறான். இரத்தம் பட்டுக் குரு எழும்புகிறார். இந்த வலியைப் பிராமணப் பிள்ளை தாங்காது, நீ யார் என்று பிடித்துவிடுகிறார். அப்போதுதான் சாபம் கொடுக்கிறார்: பிரம்மாஸ்திரம் உனக்குத் தேவைப்படுகிற நேரத்தில் மறந்துபோகும்.

"அப்ப அவன்ரை நல்ல குணந்தான் அவனைக் காட்டிக் குடுத்தது?" என்றான் மகன்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் இந்தக் கதை கேட்டிருப்பேன். இப்படி எனக்குத் தோன்றவேயில்லை. பொய்யும் அவனுடையது, பொறுமையும் அவனுடையது. இரண்டும் சேர்ந்துதான் வித்தை போனது. வானத்திலிருந்து கல் விழவில்லை. இன்னொன்று, வித்தை உடனே போகவில்லை. எப்போது கைவிடும் என்ற பயத்தோடு குருசேத்திரம் வரைக்கும் வருகிறான். அனுமானுக்கும் இப்படித்தான். சின்ன வயதில் முனிவர்களோடு சேட்டை விட்டதால் தன் பலம் தனக்கே தெரியாமல் போகச் சாபம். பிறகு சாம்பவான் எடுத்துச் சொன்னதும் கடலைத் தாண்டுகிறான். கதைக்குள் ஒருவன் எதையாவது இழந்தால் அதில் அவன் கையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கதையில்லை, கணக்குச் சரிபார்ப்பு. இதுதான் என்ரை கட்சி.

மகனும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். 2004இல் வந்த ஒரு ஸ்டார் வோர்ஸ் விளையாட்டின் இரண்டாம் பாகம். அதன் நாயகி ஒரு படைத்தளபதி. மலக்கோர் என்ற இடத்தில் அவள் கொடுத்த ஒரு உத்தரவால் இரண்டு பக்கமும் கணக்கில்லாத சனம் செத்துப்போகிறது. அந்தச் சாவைத் தாங்க முடியாமல் அவளே தன் சக்தியிலிருந்து தன்னை வெட்டிக்கொள்கிறாளாம். இதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அப்படியான ஆட்களை எனக்கு நேரே தெரியும்.

நிற்க. என்ரை கதைக்கு வருகிறேன்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருசம் கணிதம் படித்தவன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. ஊரடங்கு, ஆட்கள் காணாமல் போவது, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அடுத்த வருசம் இங்கே வந்துவிட்டேன். வந்து கோப்பை கழுவினேன், பிறகு சமையல். இப்போதும் அதுதான். போன மாதம் மகன் ஜிம்னாசியத்துப் பாடத்தில் ஒரு வகையீட்டுக் கணக்கைக் கொண்டுவந்தான். ஒருகாலம் நித்திரையிலும் செய்திருப்பேன். பேனையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன், கை ஓடவில்லை. "நாட்டுப் பிரச்சினையாலை எல்லாம் போச்சு, அப்பன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

அன்றிரவு மேசையில் அவன் அதை நினைவு வைத்துத்தான் கேட்டான். குத்தலாக இல்லை, கதை நடத்துகிறவனின் சந்தேகமாக.

"படிப்பு முடியாததுக்கு அது காரணம். மறந்ததுக்கு எப்பிடி அப்பா அது காரணம்? இஞ்சை வரேக்கை உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். முகாமில் இருந்தபோது பக்கத்து அறைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆக, மறந்தது யாழ்ப்பாணத்தில் இல்லை. இங்கே, சில்க்போர்க்கில், ஒவ்வொரு வருசமாக. ஏஜென்சிக்குப் பட்ட கடன், தங்கச்சியின் கலியாணம், இவை உண்மைதான். ஆனால் அந்தக் கடன் 2014இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு கொப்பியை நான் விரிக்கவில்லை. சண்டையின் தலையில் அதையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தேன். எங்கடை ஆட்களில் கனபேர் இப்படித்தான் வைத்திருக்கிறோம். பாட்டு விட்டதற்கும், வாசிப்பு விட்டதற்கும், ஊருக்குக் கடிதம் எழுதாததற்கும் ஒரே காரணம்.

என்ரை முகம் மாறியதைக் கண்டுதானோ என்னவோ, மகன் இன்னொரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். 1997இல் வந்த அல்ற்றிமா ஒன்லைன். அதில் ஒருவன் மொத்தம் 700 புள்ளிதான் வைத்திருக்கலாமாம். ஒரு வித்தைக்கு 100 என்றால் ஏழு வித்தை. நிறைந்த பிறகு புதிதாக ஒன்று ஏற, பழையது ஒன்று இறங்கும். சாபமும் இல்லை, காட்டேரியும் இல்லை.

எனக்கு நளன் ஞாபகம் வந்தது. நாடிழந்து, உருவமிழந்து, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரசனிடம் தேரோட்டியாகவும் சமையல்காரனாகவும் நின்றவன். (எங்கள் தொழிலுக்கு இவனைவிடப் பெரிய ஆள் இல்லை. தமயந்தி இன்னாரென்று மட்டுக்கட்டியதே சமையல் ருசியை வைத்துத்தான்.) வழியில் அந்த அரசன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்தவுடன் காய்களின் கணக்கைச் சொல்கிறான். நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொள்கிறான். பண்டமாற்று. ஆனால் நளனுக்குக் கொடுத்ததும் கையில் நின்றது. எங்களுக்கு அப்படி இல்லை.

மகன் பிடித்துக்கொண்டான். அவன் கூட்டாளியின் வாள்வீரன் அந்த ஒரு வருசமும் ஒரு சத்திரத்துக் குசினியில் நின்றானாம், யாருக்கோ பட்ட கடனுக்காக. வாள் துருப்பிடித்தது, கை வேறு தொழில் பழகிவிட்டது. "அப்ப அவனுக்குப் புதுசா என்ன தெரியும் அப்பா? நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

கத்தி தீட்டத் தெரியும் என்றேன். சத்தத்தை வைத்தே எண்ணெய்ச் சூடு தெரியும். நாலு பாசையில் தூசணம் தெரியும் (அதை எழுதாதே). இறைச்சியைத் தொட்டுப் பார்த்தே வெந்ததா வேகவில்லையா என்று தெரியும். களைத்துப்போய் வாறவனுக்கு முதலில் எதைக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். அவன் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக்கொண்டே வந்தான். கூட்டிப் பார்த்துவிட்டு, ஆறு படிக்குக் கிட்ட வருகுது என்றான்.

வாற வெள்ளி ஆட்டம் எங்கள் வீட்டில்தான். ஆறு பெடியள். மீன் ரோல்ஸ் வேண்டுமாம். அறுபதாவது சுற்ற வேண்டும்.