மழை பொய்க்கும் என்று தெரிந்த பிறகு

தாது வருஷப் பஞ்சம் திடீரென்று வந்து விழவில்லை. 1876-இல் பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறியது, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எல்லாம் சென்னை மாகாண அதிகாரிகளின் கண்முன்னேதான் நடந்தன. 1877 ஜனவரி 1-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் நடத்தினார். அப்போதும் தானியம் வெளிநாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். அந்தப் பஞ்சம் அடங்குவதற்குள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தச் சாவுகளின் மேல் எழுதப்பட்டதுதான் 1880-இன் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் அதைத் தொடர்ந்து வந்த பஞ்சச் சட்டத் தொகுப்பும். விலையேற்றம், வேலை தேடி அலைவோர் கூட்டம், பெருகும் சில்லறைத் திருட்டு என்று எந்தெந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், கண்டால் மாவட்ட அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று அது வரையறுத்தது. சிக்கனம் பார்த்த காலனி அரசின் ஆவணம்தான். ஆனாலும் வறட்சிக்கு உலகில் எழுதப்பட்ட முதல் முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளில் அது ஒன்று. 1943-இல் வங்காளத்தில் அரிசி விலை எகிறியபோது அங்கிருந்த அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் அந்தச் சட்டப்படி சோறு போட வேண்டியிருக்கும்.

புயலின் கதை வேறு. 1970 நவம்பர் 12 இரவு, போலா புயலின் கடலலை இன்றைய வங்கதேசக் கரையில் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரியும். தீவுகளில் படுத்திருந்தவர்களுக்கு அதன் உக்கிரம் தெரியாது. 1972-இல் செஞ்சிலுவை அமைப்புகளின் முயற்சியில் புயல் ஆயத்தத் திட்டம் அங்கே தொடங்கியது. அபாயம் கூடக் கூட ஊரில் கொடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும். தொண்டர்கள் மெகாபோனும் கைச் சங்கும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். 1991 புயலில் அதுவும் போதவில்லை. ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை கேட்டவர்களுக்கும் ஓடிப்போய் ஒதுங்கப் போதிய கட்டடம் இல்லை. இறந்தவர்களில் பெண்களே அதிகம். அதன்பிறகு தூண்கள்மேல் புகலிடங்கள் எழுந்தன, பெண் தொண்டர்கள் சேர்க்கப்பட்டார்கள். 2020-இல் அம்பன் புயல் வந்தபோது சுமார் 24 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். வங்கதேசத்தில் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. அமைச்சர்கள் ரேடாரைத் திறந்துவைப்பார்கள். மெகாபோனுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

சில நாள் அவகாசமே தரும் புயலில் இவ்வளவு முடிகிறது. மாதக்கணக்கில் அவகாசம் தரும் வறட்சியில் ஏன் முடியவில்லை?

2010-இன் பிற்பகுதியிலேயே, பசிபிக் கடல்நீர் குளிரும் லா நினா நிகழ்வைக் கண்ட, அமெரிக்க நிதியில் இயங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை வலைப்பின்னல், கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை குறையும் என்று சொல்லிவிட்டது. குறைந்தது. அடுத்த ஆண்டின் மழையும் கைவிட்டது. அறிக்கைக்கு மேல் அறிக்கை வந்தது. தெற்கு சோமாலியாவை ஆண்ட அல்-ஷபாப் ஆயுதக் குழு உதவி அமைப்புகளை விரட்டியது; தங்கள் பணம் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று கொடையாளி நாடுகள் தயங்கின. 2011 ஜூலை 20-இல்தான் ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்தது. இறந்தவர்கள் சுமார் 2,58,000 பேர், பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வறட்சியைக் கையில் பிடித்துக் காட்ட முடியாது. பிணம் விழும்வரை பணம் அசைவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில், வங்கதேசத்தில் ஜமுனா எனப்படும் பிரம்மபுத்திராவில் பெருவெள்ளம் வரும் என்று கணிப்பு வந்ததும், ஐ.நா.வின் அவசர நிதியிலிருந்து வங்கதேசத்துக்குப் பணம் விடுவிக்கப்பட்டது. எந்த அளவைத் தாண்டினால் எவ்வளவு, யார் கையில் என்பதெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தது. நீர் உச்சத்தை எட்டும் முன்பே பல குடும்பங்களிடம் ரொக்கம் சேர்ந்தது. 1880-களின் பஞ்சச் சட்டத் தொகுப்பும் இதைத்தான் செய்யப் பார்த்தது: அதிகாரியின் மனமிரக்கத்துக்கு விடாமல் கடமையாக்குவது.

2027-க்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை என்று ஐ.நா. 2022-இல் இலக்கு வைத்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவி நிதியை நிறுத்தியபோது அதே பஞ்ச வலைப்பின்னலின் இணையதளம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஏழை நாடுகளின் கண் பணக்கார நாட்டின் பட்ஜெட்டில் இருக்கக் கூடாது. புது ரேடாருக்கு நிதி தருகிறவர்கள், எச்சரிக்கை வந்தால் எத்தனை நாளில், யார், எவ்வளவு பணம் தருவது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.