காதை நம்பி ஊர்க்கதை எழுதலாமா?

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையில் ஏறுகிறவர்களுக்கு வழியெங்கும் பாறைகள்தான். பாறை சிதறிக் கிடப்பதால் சிதறால் என்று முடிவுகட்டிவிட்டு இறங்குவது எளிது. மேலே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளோ அந்த இடத்தைத் திருச்சாரணத்து மலை என்கின்றன. சாரணர் என்றால் இன்றைய பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் கழுத்துத் துணியும். சமண மரபில் அவர்கள் வானில் செல்லும் ஆற்றல் பெற்ற துறவிகள்.

ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, இங்குள்ள பகவதிக்குப் பொன்னணி கொடுத்த ஒரு குரத்தியைக் குறிப்பிடுகிறது. குறி சொல்லும் குறத்தி அல்லர் அவர்; குரு என்பதன் பெண்பாலான குரத்தி, சமணப் பெண் ஆசிரியர். ரகரம் றகரமானால் ஆள் மாறிவிடும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் 'பறங்கி'. பிரான்சுக்குப் பெயர் தந்த பிராங்க் இனத்தாரை வைத்து, மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அரபுகள் இஃப்ரஞ்ச் என்றார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆனது. 1498இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்தபின் தமிழிலும் மலையாளத்திலும் பறங்கி என்று நிலைத்தது. பிறகு அவர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த கலப்பு மரபினருக்கும் அதே பெயர். இலங்கையில் பர்கர் சமூகத்தை இன்றும் பறங்கியர் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் இளக்காரமும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, தாம் பறங்கி அல்ல என்பதை வலியுறுத்த வேண்டியிருந்தது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த முந்திரி மரம் மலையாளத்தில் பறங்கிமாவு. அதன் கொட்டையை நம்பித்தான் குமரி மாவட்டத்து அண்டி ஆபீஸ்கள் என்னும் முந்திரி ஆலைகள் நடக்கின்றன.

சென்னையின் பரங்கிமலைக்கும் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைக்கும் பெயர் வந்தது இந்தப் பறங்கியரால்தான். அப்படியானால் திருப்பரங்குன்றம்? சங்க இலக்கியமே அதைப் பரங்குன்று என்று பாடுகிறது. போர்த்துக்கீசியர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய பெயர் அது. மூன்றிலும் 'பரங்' என்று காதில் விழுந்தாலும் குன்றத்துக்கும் பறங்கியருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கனடாவிலும் இந்தக் கதை உண்டு. பிரெஞ்சுக்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும் பிறந்த கலப்பு மரபினர் அங்கே மெத்தீ; 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அவர்களைப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவாக ஏற்றது. கியூபெக்கில் மெத்தீ-சூர்-மேர் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் மூலமோ மிக்மாக் பழங்குடியினரின் மொழி.

ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டால் தமிழ்நாடு அரசுக்கும் சறுக்கும். 2020இல் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி வெளியிட்ட ஆணை, கேலிக்கும் குழப்பத்துக்கும் ஆளாகிச் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

ஊருக்கு ஒரு கதை சொல்வது தப்பில்லை. அதை வரலாறு என்று தலவரலாற்றிலும் பாடத்திலும் ஏற்றுவதுதான் தப்பு. கல்வெட்டு, ஓலை, பழைய பத்திரம் ஆகியவற்றில் அந்தப் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தொகுக்கும் வேலையை டி.ஏ. கோபிநாத ராவ் நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவைத்துவிட்டார். சிதறாலுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களே, குரத்தியின் கல்வெட்டை இன்றைய தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எடுத்துவந்து மலையடிவாரத்திலேயே படிக்கச் சொல்லுங்கள்.