துணை வேறு, மாற்று வேறு

நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. புற்றுநோய் முற்றியவர்கள் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு அக்குபஞ்சர் மட்டும் செய்துகொண்டால் போதுமாம். கீழே "அருமை", "உண்மை" என்று வரிசையாகக் கைகூப்பும் படங்கள். என்னிடம் அறிவியல் படித்தவர்களே போட்டிருக்கிறீர்கள்!

நான் அக்குபஞ்சருக்கு எதிரி இல்லை. 1938-ல் டாக்டர் கோட்னிஸோடு சீனா போன மருத்துவக் குழுவில் ஒருவரான டாக்டர் பாசு, 1959-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அவர் ஆங்கில மருத்துவம் படித்தவர். ஒன்றைக் கற்க இன்னொன்றை எறியவில்லை. மார்பகப் புற்றுக்கான ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கு அக்குபஞ்சர் கொடுக்கலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2022-ல் வழிகாட்டியிருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் முற்றிய 298 பேரில் ஒரு பாதிக்கு ஊசி, மறு பாதிக்கு மசாஜ். இரு பக்கமும் வலி குறைந்தது, ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் அதெல்லாம் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்தது. கட்டி கரையும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இப்போது நம் மலைக்கு வருகிறேன். மேல்மலையில் ஒரு கிராமம். என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கு மார்பகப் புற்று முதுகெலும்பு வரை பரவிவிட்டது. மதுரையில் கொடுத்த மார்பின் மாத்திரையால் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் அளவுக்கு இருந்தார். ஒரு ஹீலர் வந்தார். நாடி பார்த்தார், ஒரு விரலால் தொட்டார், "மருந்துதான் விஷம், நிறுத்துங்கள்" என்றார். மறுநாள் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் முறுக்கல். கேட்டால் "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றாராம்.

கழிவு இல்லை ஐயா அது. நாள்பட எடுத்த மார்பினைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் தவிக்கும். எந்த டாக்டரும் படிப்படியாகத்தான் குறைப்பார். அதற்கு மேல் அடங்கியிருந்த எலும்புவலியும் திரும்பிவிட்டது. நான்கு இரவு அந்த அம்மா அலறியதை அக்கம்பக்கமெல்லாம் கேட்டது. ஐந்தாம் நாள் மகளே மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

"மார்பின் போதைதானே சார்" என்று சிலர் கேட்பீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுப்பது மருந்து. 1985-ன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் அது நோயாளிக்குக் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. வருடக்கணக்கில் போராடித்தான் 2014-ல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அதையா குப்பையில் போடச் சொல்கிறார்?

ஜனங்கள் அவரிடம் ஏன் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கொடைக்கானலில் இருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மன்னவனூர், கிளாவரைக்காரர்களுக்கு அதற்கு மேலும். கீமோ போட்ட உடம்போடு அத்தனை வளைவிலும் வாந்தி. அங்கே மூன்று நிமிடம் பார்ப்பார்கள். ஹீலரோ வீட்டுக்கே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறார். அந்த அரை மணி நேரத்தை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கம்தான் கொடுத்திருக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வரவில்லை என்றால் மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஊசி வேண்டும் என்று நோயாளியே ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். புற்றுநோய் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். கீமோவில் வெள்ளணுவும் பிளேட்லெட்டும் இறங்கியிருந்தால் ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடிக்கலாம், ரத்தம் நிற்காமல் போகலாம். கட்டி இருக்கும் இடத்திலும், வீங்கிய கையிலும் குத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஊசி பிரிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்து என்று ஒரு வார்த்தை வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மேல்மலையில் யார் வீட்டிலாவது வலி மாத்திரை தீர்ந்து, மதுரை போய் வாங்கிவர ஆளில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். வாரம் ஒருமுறை கீழே போய்வருகிறவர்கள் இந்தக் குழுவிலேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். யாரையாவது உங்களோடு சேர்த்துவிடுகிறேன்.