கொத்தளத்துக்கு என்ன வேலை?

ஆகஸ்ட் 15 வந்தால் உலு யாம் வீட்டுக் கூடத்திலும் சென்னைச் செய்தி ஓடும்: கோட்டைக் கொத்தளத்தில் முதல்வர் கொடியேற்றினார். 1974இல் கலைஞர் கேட்டு வாங்கிய உரிமை அது. கோட்டை தெரியும், மலாய்க்காரர்களின் ‘கோத்தா’வும் அதற்கு உறவுதான். கொத்தளம்? சண்டை கிண்டை, காப்பி கீப்பி மாதிரி ஓசைக்கு ஒட்டிக்கொண்டது என்றே பலரும் நினைக்கிறோம்.

அப்படியில்லை. மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மேடைதான் கொத்தளம். கன்னடத்திலும் இந்தச் சொல் கோட்டையோடு ஜோடியாகத்தான் வரும்.

நேர் மதிலுக்கு ஒரு குறை உண்டு. மேலே நிற்கும் காவலாளிக்கு எதிர்வெளி தெரியும். மதிலை ஒட்டி ஒண்டியிருப்பவன் தெரியமாட்டான். எட்டிப் பார்த்தால் தலை போய்விடும். ஏணி சாத்துபவனுக்கும் அடித்தளம் தோண்டுபவனுக்கும் அதுதான் பத்திரமான இடம். மூலையில் கொத்தளத்தை வெளியே தள்ளிக் கட்டிவிட்டால், அங்கிருந்து பக்கவாட்டில் மதிலின் முழு நீளத்துக்கும் சுடலாம். ஒரு கொத்தளத்தின் காலடியை அடுத்த கொத்தளம் பார்த்துக்கொள்ளும்.

வட்டக் கொத்தளத்தின் முன்னே மட்டும் சின்ன மறைவிடம் மிஞ்சியது. பீரங்கிக் காலத்து இத்தாலியர்கள் அதைக் கூர்முனையாக்கி அந்த மறைவையும் ஒழித்தார்கள். அந்த வடிவம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டையின் நான்கு மூலையிலும் கொத்தளம் உண்டு. மலாக்காவில் டச்சுக்காரர்களின் மிடல்பர்க் கொத்தளத்தை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள்.

நம் கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி இருக்கிறது. சுல்தான் இப்ராஹிமின் அந்தக் கோட்டையை 1784இல் பிடித்த டச்சுக்காரர்கள், தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரில் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு வருஷமே சுல்தான் பாகாங் துணையோடு மீட்டுக்கொண்டார். பீரங்கிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. கூட்டம் போவதென்னவோ குரங்குக்குத் தீனி போடத்தான். குன்றின் மேலிருந்து ஆற்று முகத்தில் நுழையும் கப்பல் தெரியும். ஆனால் உயரம் தூரத்தைத்தான் காட்டும். காலடியைக் காட்டக் கொத்தளம் வேண்டும்.

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போனால், கோட்டைக்குள் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நீங்கள் கொத்தளத்தில் ஏறி நின்றுகொண்டு, பிள்ளைகளை வெளியே மதிலை ஒட்டி ஒளியச் சொல்லுங்கள். அதன் வேலை அவர்களுக்கே விளங்கிவிடும்.